‘இங்க குடுங்க’ வடிவம்மா

மனிதர்களில் ‘இங்க குடுங்க’ என்றோர் இனம் உண்டு. ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. தோட்டத்து லயத்திலும் உண்டு, டவுனிலும் உண்டு. நீங்கள் ஒரு காரியத்தைத் தொடங்கி, உங்கள் பாட்டுக்கு, உங்கள் வேகத்தில், கொஞ்சம் தப்பும் கொஞ்சம் சரியுமாகச் செய்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்று பார்த்து, இன்னும் பார்த்து, பொறுக்க முடியாமல் நாக்கால் ‘ச்சொ’ என்றொரு சத்தம் கொடுத்து, “அப்படி இல்ல, இங்க குடுங்க” என்று உங்கள் கையில் இருப்பதை வாங்கிக்கொள்கிற பேர்வழிகள் இவர்கள். வாங்கிக்கொள்கிற என்று மரியாதைக்குச் சொன்னேன். பிடுங்கிக்கொள்கிற என்று திருத்தி வாசியுங்கள்.

எதைத்தான் பிடுங்க மாட்டார்கள்? தேங்காய் துருவுகிறவரிடமிருந்து தேங்காயை, ஃபோனில் ஒற்றை விரலால் எழுத்துத் தேடுகிறவரிடமிருந்து ஃபோனை, அப்புத்தளை ஸ்டேஷனில் காற்றுக்குள் குடை விரிக்கத் தடுமாறுகிற முன்பின் அறியாத மனிதரிடமிருந்து குடையை, அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்புகிறவரிடமிருந்து பேனாவை, ஏன், சொந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவளிடமிருந்து பிள்ளையையே பிடுங்குவார்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தாலி முடிச்சோடு மல்லுக்கட்டும்போது இவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? நல்லவேளை, மிச்ச முடிச்சைப் போட நாத்தனார் என்று ஒருத்தியை நம்மவர்கள் ஏற்கெனவே நிறுத்திவைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இந்த இனத்தார் மணவறைக்குள் ஏறியே இருப்பார்கள்.

கெட்டவர்களா? சேச்சே! தங்கமான மனிதர்கள். அதுதான் தொல்லையே. கெட்டவன் பிடுங்கினால் சண்டை போடலாம். இவர்கள் பிடுங்கி, உங்களைவிட நன்றாகச் செய்து, “அவ்வளவுதான், சிம்பிள்” என்று சிரித்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டுப் போவார்கள். நீங்கள் நன்றி வேறு சொல்ல வேண்டும்.

இந்த இனத்தின் சுத்தமான மாதிரி ஒன்று வேண்டுமென்றால் பதுளைக்கு வாருங்கள். கடைத்தெருவில் நூல், பட்டன், லேஸ், இலாஸ்டிக் விற்கும் செல்வநாயகத்தின் கடை எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். காட்டும்போதே, “வடிவம்மா கடைதானே?” என்பார்கள். செல்வநாயகத்தின் மனைவி அவர். வயது ஐம்பத்து மூன்று. ரெண்டு கையிலும் பத்து விரல், அத்தனையும் அடுத்தவர் காரியத்தில்.

வடிவம்மாவின் கையைக் குறை சொல்ல முடியாது. ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும், கை செய்துவிடும். தங்கச்சிமார் மூன்று பேர் கல்யாணத்துக்கும் மாலை கட்டியது அந்தக் கைதான். பாராட்டு மாலைக்காரருக்குப் போனது. ஆறாம் வகுப்பில் மகன் விஜேந்திரன் செய்த வெளிச்சவீடு பாடசாலைக் கண்காட்சியில் முதற்பரிசு வாங்கியது. விஜேந்திரன் செய்தது என்றால், விஜேந்திரன் அட்டையை வெட்டத் தொடங்கியது. “அப்படி இல்லடா, இங்க குடு” என்று சொன்ன பிறகு நடந்ததெல்லாம் அம்மா செய்தது. அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் கடைச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் இன்னும் நாலு. ஐந்திலும் விஜேந்திரன் பெயர். அவன் இப்போது கொழும்பில் வங்கி வேலையில் இருக்கிறான்; இன்றுவரை ஒரு அட்டையை நேராக வெட்டத் தெரியாது.

வடிவம்மாவின் பெயருக்கு என்ன இருந்தது? பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கல்யாணப் பதிவு. மூன்றும் அவர் பெரிதாக ஒன்றும் செய்யாமலே கிடைத்தவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். கெட்டிக்காரி என்று ஊரே சொன்னது; எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி ஒருத்தரும் தரவில்லை. அந்த ஐந்து கண்ணாடிகளையும் தினம் தூசி தட்டும்போது வடிவம்மாவுக்கு நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு வலி இருக்கத்தான் செய்தது.

ஆகவே, கோயில் மண்டபத்து மாடியில் சனிக்கிழமை காலைகளில் கைப் பூவேலைக்கு ஆரம்ப வகுப்பு, பத்து வாரம், கடைசியில் பரீட்சை வைத்துச் சான்றிதழ் என்று நோட்டீஸ் ஒட்டியபோது, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் வடிவம்மா. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“என்னாங்க, அந்தச் செவுத்துல ஆறாவதா ஒரு ஆணி அடிச்சு வைங்க.”

செல்வநாயகம் அதிகம் பேசாதவர். எழுந்து போய் ஆணி அடித்தார்.

வகுப்பு எடுத்தவள் மேனுஷா. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், இருபத்தாறு வயது, பசறை வழியாக முதல் பஸ் பிடித்து, மூட்டத்தில் நனைந்த தலையோடு எட்டரைக்கெல்லாம் வந்துவிடுவாள். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கூப்பிடுவது மாதிரி எட்டுப் பேர் பெயரையும் கூப்பிட்டுத்தான் தொடங்குவாள். முதல் நாளே சட்டத்தைச் சொன்னாள்.

“பத்தாவது வாரம் பண்டாரவளையில இருந்து ஒரு டீச்சர் வருவாங்க. துணி, நூல், ஊசி எல்லாம் அவங்க குடுக்கிறதுதான். அவங்க கண்ணு முன்னாலேயே ஒரு மணித்தியாலத்துல ஒரு பூ போடணும். அதனால அவங்கவங்க துணியில அவங்கவங்களே போட்டுப் பழகுங்க. சரிங்களா?”

“சரி” என்று எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர் பெண்சாதி அல்லவா? வடிவம்மாவின் சாமான்களைப் பார்த்தால் கண் கூசும். மூங்கில் வளையம் மூன்று அளவில். சிவப்பு பிஸ்கட் டின் ஒன்றில் நாற்பது நிறத்தில் பூநூல், கடுஞ்சிவப்பில் தொடங்கி வெளிர் மஞ்சளில் முடியும்படி வரிசை வரிசையாக, ஒன்றில்கூட மேலே சுற்றிய காகிதம் கிழிபடாமல். அந்த டின்னைத் திறந்து மேசைமேல் வைப்பார். மற்ற ஏழு பேரும் எட்டிப் பார்ப்பார்கள். பிறகு மூடிவிடுவார்.

ஏன் மூடினார்? அவருக்கு நேரம் எங்கே இருந்தது!

முதல் வாரம் நூலோடுதல். துணிக்குள் ஊசி ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போக வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகூடப் போடும். பக்கத்துக் கதிரையில் இருந்த ஸைனப் நாலு தையல் போட்டார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. ‘ச்சொ’ என்றது வடிவம்மாவின் நாக்கு. “அப்படி இல்ல ஸைனப், இங்க குடுங்க.” வரிசை முழுவதையும் போட்டுத் தந்தார். இரண்டாம் வாரம் காம்புத் தையல். ஒவ்வொரு தையலும் முன் தையலின் இடுப்பில் சாய்ந்து ஏற வேண்டும்; ஸைனப்பின் காம்பு பாம்பாக நெளிந்தது. இங்க குடுங்க. மூன்றாம் வாரம் சங்கிலித் தையல். அதற்குள் முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் வடிவம்மாவுக்கு அற்றுப்போயிருந்தது. எழுந்து நடக்கவே ஆரம்பித்துவிட்டார். ஒருத்தியின் வளையத்தில் அரைச் சங்கிலி, அடுத்தவளிடம் முக்கால் இலை, ஜன்னலோரத்துக்காரியிடம் ரெண்டு மொட்டு என்று, மேனுஷா ஒரு தையலைக் கரும்பலகையில் வரைந்து முடிப்பதற்குள் வடிவம்மா ஏழு துணியில் போட்டு முடித்திருப்பார்.

“அம்மா, உங்களோடது எங்கம்மா?” என்று மேனுஷா கேட்பாள்.

“அது கெடக்கு புள்ள. வீட்ல போட்டுக்குவேன். மொதல்ல இவுங்க படிச்சிக்கட்டும்.”

வீட்டில் போட்டாரா என்றால், வீட்டில் பிடுங்குவதற்குத்தான் எத்தனை இருந்தன! இதற்கிடையில் வகுப்புக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு பேரும் தங்கள் பூக்களைப் படம் எடுத்துப் போடுவார்கள். ஏழு படத்துக்கும் மாறி மாறிச் சிவப்பு இதயங்கள் விழும். வடிவம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இதயங்களை ஒவ்வொன்றாக எண்ணி, மொத்தத்தையும் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

“பாருங்க, எல்லாம் என் கை” என்று செல்வநாயகத்திடம் நீட்டுவார்.

“ம்” என்பார் அவர்.

ஐந்தாம் வாரம்தான் கொஞ்சம் இடறியது. அன்றைக்கு லேசி டேசி. ஊசி வந்த ஓட்டைக்குள்ளேயே திரும்ப இறக்கி, நூலை வளையமாக விட்டு, அதன் தலையில் ஒரு சின்னப் பூட்டுத் தையல் போட்டால் ஓர் இதழ். அதேபோல் ஐந்து போட்டால் ஒரு பூ. ஸைனப் தன் மகள் றிப்காவுக்கு கைக்குட்டை அளவில் ஒரு லேஞ்சி செய்துகொண்டிருந்தார். பிள்ளை முதன்முதலாக வீட்டைவிட்டு யுனிவர்சிட்டிக்குப் போகப் போகிறாள். கையில் வைத்துத் துடைத்துக்கொள்ள உம்மா போட்ட பூவோடு ஒன்று. ஐந்து இதழில் ரெண்டை ஸைனப் போட்டார். ஒன்று புளியங்கொட்டை மாதிரி, மற்றது அதன் அண்ணன் மாதிரி. மிச்சம் மூன்றையும் யார் போட்டிருப்பார்? அழகென்றால் அழகு, அச்சில் வார்த்த மூன்று இதழ்கள்.

அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால், அந்த மூன்று இதழையும் காணோம். அந்த இடத்தில் ஸைனப்பின் கையால் மூன்று புதிய புளியங்கொட்டைகள்.

“யாரு ஸைனப் இத பிரிச்சது?” வடிவம்மா பதறிவிட்டார்.

“நான்தான் வடிவக்கா.”

“ஏன்? நல்லாத்தானே இருந்துச்சு!”

“நல்லாத்தான் இருந்திச்சி.” ஸைனப் லேஞ்சியை மடியில் நீவிவிட்டுக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். “மகள் பார்த்திட்டுக் கேட்டா, உம்மா, இதுல உங்கட பூ எதுன்னு. எனக்கி சொல்லத் தெரியல்ல.”

வடிவம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. பூ என்றால் பூ. அதில் யாருடையது என்ன? ‘பாவம், அவளுக்கு அழகு தெரியல’ என்று மனசுக்குள் இரக்கப்பட்டுக்கொண்டு, ஜன்னலோரத்துக்காரியிடம் போய், “இங்க குடுங்க” என்றார்.

பரீட்சை நாளும் வந்தது. காலையிலிருந்தே மழை. வடிவம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டார். பட்டன் வாங்க வந்தவர், லேஸ் வாங்க வந்தவர், வழி கேட்க வந்தவர் என்று ஒரு வாரமாகக் கடைத்தெரு முழுவதும் செய்தி போயிருந்தது. முதலிடம் யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. செல்வநாயகம் மட்டும் புறப்படும் நேரத்தில் எதையோ சொல்ல வந்து, “வடிவு… நாலு ஊசி தரட்டா?” என்று இழுத்தார்.

“அதெல்லாம் அவங்களே குடுப்பாங்கங்க. வெளிச்சாமான் கூடாதாம்.”

“ம்” என்றார் அவர். முகம் மட்டும் வாடிப்போனது.

பண்டாரவளையிலிருந்து வந்தவர் முஷ்ரிபா டீச்சர். மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக் கண்ணாடிச் சட்டம், கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைக்கும் கண்டிப்பு. எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு சதுரத் துணி, ஒரு வளையம், ஓர் ஊசி, கத்தரி, ஒரு சிட்டம் பச்சை நூல், ஒரு சிட்டம் சிவப்பு நூல். ஒரு காம்பு, ரெண்டு இலை, ஐந்து இதழ், நடுவில் முடிச்சு. ஒரு மணித்தியாலம்.

“தொடங்குங்க” என்றார் டீச்சர்.

வடிவம்மா துணியைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை வெள்ளை. இத்தனை காலத்தில் அவர் கைக்கு வந்த எந்தத் துணியும் இப்படி வந்ததில்லை. யாராவது எங்கேயாவது கொஞ்சம் கோணலாகத் தொடங்கியிருப்பார்கள். அங்கேயிருந்து பிடித்துக்கொண்டு போவார். இங்கே கோணலே இல்லை. எங்கேயிருந்து திருத்துவது?

சரி, முதலில் ஊசியில் நூலைக் கோர்ப்போம் என்று ஊசியை எடுத்தார். அப்போதுதான், வாசகரே, நூல் கடைக்காரர் மனைவிக்கு, முப்பது வருஷமாக நூலோடு வாழ்ந்தவருக்கு, ஓர் உண்மை தெரிந்தது. அவருக்கு ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாது!

சிரிக்காதீர்கள். எப்படித் தெரியும்? வகுப்பில் அவர் பிடுங்கிய ஒவ்வோர் ஊசியிலும் யாரோ நூல் கோர்த்திருந்தார்கள். வீட்டில் கடை மேசைமேல் ஒரு பஞ்சு மெத்தை இருக்கும். அதில் வெள்ளை, கறுப்பு, கபிலம், காக்கி என்று நூல் கோர்த்து, முடிச்சும் போட்டு, ஊசிகள் எப்போதும் குத்தி நிற்கும். காற்சட்டைப் பட்டன் தெறித்தால் ஒன்றை உருவித் தைத்து, நூலை முடிக்காமலே ஊசியோடு வைத்துவிடுவார். மறுநாள் நூல் முடிந்திருக்கும், மெத்தையில் அந்த இடத்தில் வேறொன்று குத்தியிருக்கும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே, அது எங்கேயிருந்து வருகிறதென்று நீங்கள் தினம் யோசிக்கிறீர்களா?

சிட்டத்திலிருந்து நூலை இழுத்தார். அதற்கு ரெண்டு நுனி உண்டு. சரியான நுனியை இழுத்தால் சுகமாக வரும், மற்றதை இழுத்தால் சிக்கும். சிக்கியது. இழுத்து, கிழித்து, கத்தரித்து ஒரு முழம் எடுத்தார். பூநூல் ஆறு இழை சேர்ந்தது. அதில் ரெண்டோ மூன்றோ இழையைப் பிரித்தெடுத்துத்தான் கோர்க்க வேண்டும். முதல் வாரமே மேனுஷா சொல்லிக்கொடுத்தாள். அந்த நேரத்தில் வடிவம்மா ஸைனப்பின் வரிசையை நேராக்கிக்கொண்டிருந்தார். ஆறு இழையும் அந்த ஓட்டைக்குள் எப்படிப் போகும்? எச்சில் தொட்டார். முறுக்கினார். கத்தரித்தார். மறுபடி எச்சில். நூல் நுனி ஊசிக் காதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனதே தவிர உள்ளே போகவில்லை. நெற்றியில் வியர்த்தது. சுற்றிலும் மற்ற ஏழு பேரும் கண் இமைப்பதற்குள் கோர்த்து, முடிச்சுப் போட்டு, தைக்கத் தொடங்கியிருந்தார்கள். கோர்ப்பதும் முடிப்பதும்தானே ஒன்பது வாரமாக அவர்களுக்கு மிஞ்சிய பங்கு! அதில் எல்லோரும் சூரப்புலிகள்.

ஆனால் நடுவில் ஒரு விசேஷம் நடந்தது. மூன்றாவது இதழ் வந்ததும் ஆறு பேருடைய கையும் தன்னால் நின்றுவிட்டது. ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ‘ச்சொ’ என்ற சத்தம் வர வேண்டிய நேரம். வரவில்லை. ஸைனப் ஒருத்தர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் தன் புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அரை மணித்தியாலம் போனது. முக்கால் மணித்தியாலம் போனது. வடிவம்மா நூல் நுனியை இன்னொரு தடவை கத்தரித்தார். ஆறாவது ஆணி கண்ணில் நின்றது. அப்போது காதோரத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

‘ச்சொ.’

முஷ்ரிபா டீச்சர்! எத்தனை நேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாரோ. கண்டிப்பு, கடிகாரம், வெள்ளைக் கண்ணாடி எல்லாவற்றையும் மீறிக்கொண்டு அவர் கை முன்னால் வந்தது.

“அப்படி இல்ல. இங்க தாங்க, நான் கோர்த்துத் தாறேன். ஒரு நிமிசம்.”

அந்தக் கை வளையத்தைத் தொட்டதும் வடிவம்மாவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. இதென்ன கோபம், எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வளையத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“வேணாங்க டீச்சர்!”

“உதவிதானேம்மா…”

“வேணாங்க. எனக்கு லேட்டாகும், கோணலாகும், என்னமும் ஆகட்டும். என் பேருல வரப்போற பூ. நானே கோப்பேன்.”

மண்டபமே நிமிர்ந்து பார்த்தது. சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை எங்கேயோ கேட்ட வார்த்தை என்று வடிவம்மாவுக்குப் பொறி தட்டியது. மெதுவாகத் திரும்பி ஸைனப்பைப் பார்த்தார். காது ரெண்டும் சுட்டது. அந்த மூன்று இதழைப் பிரிக்க ஸைனப்புக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்!

ஸைனப் இவரைப் பார்க்கவில்லை. புதிதாக ஒரு பச்சை நூலை வெட்டி, வெளிச்சத்தில் பிடித்து, ஆறு இழையிலிருந்து ரெண்டை மட்டும் மெல்ல, மெல்ல, யாரோ படம் பிடிப்பதற்குக் காட்டுவதைப் போல அவ்வளவு மெல்லப் பிரித்தெடுத்தார். கோர்த்தார். நுனியில் முடிச்சுப் போட்டார். அத்தனை மெதுவாக அவர் ஒருநாளும் செய்ததில்லை. காட்டத்தான் செய்தாரா என்று பின்னால் கேட்டபோது, “பரீட்சையில காட்டுறதா? நல்லா ஈக்கி கதை” என்று சிரித்துவிட்டார்.

வடிவம்மாவும் ரெண்டு இழை பிரித்தார். நூல் உள்ளே போனது. உலகத்தையே வென்ற சந்தோஷத்தோடு முதல் குத்தைக் குத்தி இழுத்தார். நூல் முழுவதும் துணி வழியாக வந்து கையோடு நின்றது. முடிச்சை மறந்துவிட்டார்! மறுபடி கோர்த்தார். முடிச்சுப் போட்டார். குத்தினார். நின்றது. அந்த ஒரு தையல் நின்றபோது வந்த கண்ணீரைப் பட்டுச்சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கை பறந்தது. ஆனால் நேரம் இல்லையே. காம்பு, ஓர் இலை, மூன்று இதழ். “நேரம் முடிஞ்சது” என்ற குரல் கேட்டபோது நாலாவது இதழ் பாதியில் இருந்தது. நூலை எப்படி முடித்து விடுவது என்பதும் அவருக்குத் தெரியாது. அதுவும் மற்றவர்கள் பங்கல்லவா? ஊசியைத் தொங்கவிட்டபடியே கொடுத்தார். எட்டுத் துணியில் ஊசியோடு போனது அது ஒன்றுதான்.

மழையோடு கடைக்கு வந்து பஞ்சு மெத்தை முன்னால் உட்கார்ந்தார்.

“இந்த ஊசியெல்லாம் யாரு கோக்குறது?”

“நான்தான்” என்றார் செல்வநாயகம்.

“முப்பது வருசமா?”

“கல்யாணமான புதுசுல ஒருநாள் நீ நூல் கோக்க கஷ்டப்பட்டுக்கிட்டு இருந்த. பாக்க மனசு கேக்கல. சரி, இங்க குடுன்னு வாங்கினேன்.” மெத்தையில் சரிந்து நின்ற ஊசி ஒன்றை நிமிர்த்திக் குத்தினார். “அன்னைக்கு வாங்கினதுதான்.”

பார்த்தீர்களா? இந்த இனத்தில் சத்தம் போடாத வகையும் ஒன்று உண்டு. அதுதான் மகா ஆபத்தானது.

ரெண்டு வாரத்தில் முடிவு வந்தது. எட்டுப் பேரும் தேறியிருந்தார்கள். ஸைனப்புக்குத் திறமைச் சித்தி. மற்ற ஆறு பேருக்கும் சாதாரண சித்தி. ‘ஆரம்பமும் முடிவும் மிக நன்று, நடுப்பகுதிக்குப் பயிற்சி தேவை’ என்று ஆறிலும் ஒரே குறிப்பு. வடிவம்மாவுக்கும் சாதாரண சித்திதான். குறிப்பு வேறு: ‘நடுப்பகுதி மிக நன்று. ஆரம்பம் தாமதம். முடிவு இல்லை.’ வடிவம்மா குறிப்பைப் பார்க்கவே இல்லை. மேலே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்த தன் பெயரைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தார்.

சான்றிதழ் கண்ணாடி போட்டு வந்தது. செல்வநாயகம் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

“கீழ இறங்குங்க” என்றார் வடிவம்மா. “என்னோடத நான்தான் மாட்டுவேன்.”

ஏறி மாட்டினார். இடப்பக்கம் ரெண்டு விரற்கடை சரிந்து நின்றது. கீழேயிருந்து ‘ச்சொ’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. வடிவம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் செல்வநாயகம் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். அதெல்லாம் நடக்கிற கதையா? முன்பெல்லாம் பிடுங்கிவிட்டுக் கேட்பார். இப்போது கேட்டுவிட்டுப் பிடுங்குகிறார். முன்னேற்றம்தான். அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் கோணலாகத்தான் தொங்குகிறது. அதில்தான் ஒரு வேடிக்கை. கடைக்கு வருகிறவர்கள், லுணுகலையிலிருந்து சாமான் வாங்க வருகிற தோட்டத்து ஆட்கள், கந்தோர் உத்தியோகத்தர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்மார், எவராயிருந்தாலும் சரி, பட்டனை மறந்துவிட்டு அதையே பார்ப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கை தன்னால் எழும்பும். “கைய எடுங்க!” என்று உள்ளேயிருந்து குரல் வரும். கை நீட்டாத ஒருத்தரை இதுவரை காணவில்லை என்று செல்வநாயகம் சொல்கிறார்.

நீங்கள் நீட்ட மாட்டீர்களா? நிச்சயமாக? அந்த ஆறு இழை ஊசிக் காதில் நுழையாமல் நின்ற இடத்தில் உங்கள் விரல் கொஞ்சம்கூடத் துடிக்கவில்லை? பெரிய மனசு உங்களுக்கு. நான் நம்புகிறேன். வடிவம்மா மாதிரிக் கெட்டிக்காரிக்கே இப்படி ஆகிவிட்டதே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள், யானைக்கும் அடி…

பார்த்தீர்களா! நான் வாயைத் திறந்து சொல்லி முடிப்பதற்குள் மிச்சத்தை யார் உங்களை முடிக்கச் சொன்னது? வாங்க, உட்காருங்க. வடிவம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை காலியாகத்தான் இருக்கிறது.